ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு வலி, பையில் இசிஎச்எஸ் கார்டு: கட்டிய பணம் திரும்ப வருமா?

கண்ணமங்கலத்தான்
எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஹவில்தாராக இருந்து 1991-ல் பென்ஷனில் வந்தவர். இப்போது வயது 72. போன மாதம் ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "வாயுப் பிடிப்பு மாதிரி இருக்கு, கொஞ்சம் ஓமத் தண்ணி கொடு" என்றார். அம்மா ஓமத் தண்ணி வைத்துக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் பனியன் முழுக்க நனைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் காரில் ஆரணிக்கு ஓடினோம். அங்கே இசிஜி எடுத்துப் பார்த்து, ஒரு மாத்திரையைக் கடிக்கச் சொல்லி, உடனே வேலூருக்குக் கொண்டு போங்கள் என்று ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஆம்புலன்ஸ்காரர் எந்த வாசலில் நிறுத்தினாரோ அங்கே இறக்கினோம். பெயர் வேண்டாம், தனியார் ஆஸ்பத்திரி.

கவுண்டரில் அப்பாவின் இசிஎச்எஸ் கார்டை (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்ட அட்டை) நீட்டினேன். அந்தப் பெண் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் ஓட்டை வழியாகத் திரும்பத் தள்ளினார். "இது இங்கே எடுக்க மாட்டோம் சார், முதலில் 50,000 கட்டுங்கள்." அந்த நேரத்தில் என்ன பேசுவது? கட்டினேன். ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மொத்த பில் 2,64,000.

நான்காம் நாள் பார்க்க வந்த மாமா (அவரும் பட்டாளத்துக்காரர்) முதலில் கேட்டது அப்பா எப்படி இருக்கிறார் என்றல்ல, "பாலிகிளினிக்குக்குச் சொல்லிட்டியா?" என்றுதான் (இந்தத் திட்டத்தின் சொந்தக் கிளினிக்கைச் சொல்கிறார்). யாருக்குச் சொல்ல வேண்டும், எதற்குச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. அப்புறம் பில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தகவல் தாமதம், அவசரச் சான்று இல்லை என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு கேள்வி. இந்தப் பணம் வருமா? ஊரில் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆயுஷ்மான் கார்டு போடுகிறார்கள், பேசாமல் அதற்கு மாறிவிடலாமா?

ஓய்வு சுபேதார்
தம்பி, முதலில் அப்பா பிழைத்து வந்தாரே, அது பெரிய விஷயம். ஆரணியில் அந்த மாத்திரையைக் கொடுத்த டாக்டருக்கு ஒரு நாள் போய் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இசிஎச்எஸ் 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கிய திட்டம். அதற்கு முன்பு பென்ஷன்காரர் நோய் என்றால் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் பணியில் இருப்பவருக்குப் போக இடம் மிச்சம் இருந்தால்தான் நமக்கு. வேலூர்ப் பக்கத்து ஆள் ஒரு ஸ்கேனுக்கு ரயிலேறிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போன காலம் அது. அதை நினைத்தால் இது எவ்வளவோ தேவலை. ஆனால் இந்தத் திட்டம் ஒரு வழியாகத்தான் நடக்கும்: முதலில் பாலிகிளினிக், அங்கே டாக்டர் பார்த்து ரெஃபரல், அப்புறம் பட்டியலில் உள்ள, அதாவது திட்டத்தோடு ஒப்பந்தம் போட்ட ஆஸ்பத்திரி. ரெஃபரலோடு போனால் கையில் காசு வாங்கக் கூடாது.

அவசரம் என்றால் இந்த வரிசை தேவையில்லை. அதில் இரண்டு வகை. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனால் ரெஃபரல் இல்லாமலே சேர்த்துக்கொள்வார்கள், தகவலை ஆன்லைனில் அனுப்புவது அவர்கள் வேலை. பட்டியலில் இல்லாத இடத்துக்குப் போனால் பணத்தை நாம் கட்டிவிட வேண்டும். ஆனால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் பாலிகிளினிக்குக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும். அப்புறம் பில் வைத்து வாங்கலாம். அப்போதும் ஆஸ்பத்திரி போட்ட விலை வராது, சிஜிஎச்எஸ் (மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டம்) விலைப்பட்டியல் என்ன சொல்கிறதோ அதுதான் வரும். உங்கள் 2,64,000-ல் பெரிய துண்டு விழும் என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் தவறு அந்த 48 மணி நேரம்தான். அதற்குக் காரணம் எழுதித் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு வைக்கலாம். "தந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில், வீட்டில் விதி தெரிந்தவர் அவர் ஒருவரே" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கதை கட்ட வேண்டாம். சேர்த்த ஆஸ்பத்திரியிடமிருந்து, நோயாளி அவசர நிலையில் வந்தார் என்ற சான்று டாக்டர் கையெழுத்து, சீலோடு வாங்குங்கள். ஆரணியில் எடுத்த இசிஜி தாள் இருக்கிறதா? அதில் தேதியும் நேரமும் இருக்கும். பத்துச் சான்றுக்கு அது ஒன்று சமம்.

கார்டு மாறுவது பற்றி அப்புறம் எழுதுகிறேன். அவசரப்பட்டு எந்தக் கையெழுத்தும் போட வேண்டாம்.

ஆவடி முருகையன்
நான் சிஆர்பிஎஃப். எங்களுக்கு இசிஎச்எஸ் கிடையாது, ஓய்வுக்குப் பிறகு சிஜிஎச்எஸ்தான். ஊரில் எல்லோரும் "நீயும் மிலிட்டரிதானே, உனக்கென்ன ராஜ வைத்தியம்" என்கிறார்கள். விளக்கிச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. சிஜிஎச்எஸ் வெல்னஸ் சென்டர் சென்னை மாதிரி ஊரில் இருக்கிறது. கிராமத்தில் செட்டில் ஆனவனுக்கு? இந்த வகையில் உங்கள் பாலிகிளினிக் எங்களுக்குப் பொறாமைதான்.

பில்லிங் மேசை
நான் பட்டியலில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங் பிரிவில் இருக்கிறேன். ஊர் பெயர் சொல்ல மாட்டேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவன் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் பில் நேராக ராணுவத்துக்குப் போவதில்லை. யுடிஐ ஐடிஎஸ்எல் என்ற நிறுவனம்தான் பில்லைச் சரிபார்க்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி குறைந்தாலும் கேள்வி வரும், பதில் போட வேண்டும், மறுபடி கேள்வி வரும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வெட்டு விழும். பணம் வர மாதக்கணக்கு ஆகும். விலையோ சிஜிஎச்எஸ் விலை. முதலாளி கூப்பிட்டு, "இசிஎச்எஸ் எவ்வளவு நிலுவை?" என்று கேட்கும் மாதத்தில்தான் "பெட் இல்லை" என்ற பேச்சு எல்லா ஊரிலும் வரும். அது சரி என்று நான் சொல்லவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இன்னொன்று. ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்றால் எல்லாத் துறைக்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கண்ணுக்கு மட்டும் ஒப்பந்தம் போட்ட இடம் உண்டு, பல்லுக்கு மட்டும் உண்டு. எங்களிடமே எலும்புக்கு இருக்கிறது, இருதயத்துக்கு இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் கிடக்கும் இடமும் உண்டு. வாசலில் இருக்கும் போர்டை நம்பாதீர்கள், பாலிகிளினிக்கில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு சுபேதார்
பில்லிங் மேசை சொல்வது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. நிலுவை இருந்தால் உங்கள் முதலாளி டில்லியோடு சண்டை போடட்டும். ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் கிழவனோடு ஏன்? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது விலைப்பட்டியல் தெரியாதா? 2019-ல் என் மனைவிக்கு முட்டி ஆபரேஷன். ரெஃபரல் கையில், பட்டியலில் உள்ள இடம். உள்ளே படுக்க வைத்த பிறகு "நல்ல இம்ப்ளான்ட் வேண்டுமென்றால் 60,000 மேலே கட்டுங்கள்" என்றார்கள். எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதித் தர மாட்டோம் என்றார்கள். அப்படியானால் கட்ட மாட்டேன் என்றேன். பாலிகிளினிக் ஓஐசிக்கு (பொறுப்பு அதிகாரிக்கு) அங்கேயே நின்று போன் போட்டேன். ஆபரேஷன் மறுநாள் காலை நடந்தது, ஒரு ரூபாய் வாங்கவில்லை.

வார்டு விஷயத்தில் மட்டும் வித்தியாசம் உண்டு. ஹவில்தார் வரை பொது வார்டு, ஜேசிஓவுக்கு (சுபேதார் மாதிரி இளநிலை அதிகாரிக்கு) செமி பிரைவேட், ஆபீசருக்குத் தனி அறை. இதற்கு மேல் அறை கேட்டால் வித்தியாசம் நம் கைக்காசு. மற்றபடி யாராவது கூடப் பணம் கேட்டால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

பில்லிங் மேசை
ஐயா, நீங்கள் போன் போட்டு நிற்க வைத்தீர்கள். உங்களுக்கு சுபேதார் குரல் இருக்கிறது. கண்ணமங்கலத்தார் மாதிரி வந்தால் யார் போன் போடுவார்கள்? அதுதான் என் கவலையும். எங்கள் கவுண்டரிலும் சத்தம் போடத் தெரிந்தவருக்கு ஒரு நடை, தெரியாதவருக்கு ஒரு நடை. கண்ணால் பார்க்கிறேன்.

தாம்பரம் ஏர்மேன்
சென்னையில் இருக்கிறேன். என் அனுபவம் நல்லது என்றே சொல்வேன். இரண்டு கண்ணும் ஆபரேஷன் ஆனது, மனைவிக்கு தைராய்டு, எனக்கு சர்க்கரை. மாதா மாதம் மாத்திரை வாங்குகிறேன். காலை 7 மணிக்குப் போனால் எனக்கு முன்னால் முப்பது பேர் நிற்பார்கள். கேட்டால் 6 மணிக்கே வந்தோம் என்பார்கள். பட்டாளத்தில் பழகிய "ஐந்து நிமிடம் முன்னால்" ஓய்வுக்குப் பிறகு ஒரு மணி நேரம் முன்னால் ஆகிவிட்டது. ஆன்லைனில் நேரம் பதிவு செய்யும் வசதி வந்த பிறகும் வரிசை குறையவில்லை. பாதிப் பேர் மருந்துக்கு வருகிறார்கள், பாதிப் பேர் பேச்சுத் துணைக்கு வருகிறார்கள் என்று எங்கள் பார்மசிஸ்ட் சொல்வார்.

குறை என்றால் மருந்துதான். பிபி மாத்திரை இருக்கும், கொழுப்பு மாத்திரை இருக்காது. சீட்டில் அதற்கு நேரே "என்ஏ" (கைவசம் இல்லை) என்று எழுதுவார்கள். பாலிகிளினிக் ஒப்பந்தம் போட்ட கடையிலிருந்து வரவழைத்துத் தருவார்கள், சில நாள் கழித்து வரச் சொல்வார்கள். அங்கேயும் கிடைக்காவிட்டால் வெளியே வாங்கி பில் வைக்கலாம். எனக்கு பஸ்ஸில் அரை மணி நேரம், மறுபடி போவேன். 60 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் 40 ரூபாய் மாத்திரைக்கு 120 ரூபாய் பஸ் டிக்கெட் எடுத்து மறுபடி வருவாரா? அவர் ஊர் மெடிக்கலில் வாங்கிக்கொள்வார், இல்லை அந்த மாத்திரையை விட்டுவிடுவார்.

கண்ணமங்கலத்தான்
ஏர்மேன் ஐயா, கடைசி வரியைப் படித்துவிட்டு அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். கொழுப்பு மாத்திரை அட்டையில் கடைசியாக உடைத்த குழி எப்போதையது என்று கேட்டேன். "ஆடியில தீர்ந்துச்சு, என்ஏன்னு போட்டுட்டாங்க, அப்புறம் போகல" என்றார். இப்போது கார்த்திகை. டாக்டர்கள் இரண்டையும் முடிச்சுப் போடுவார்களோ என்னவோ, எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ராணுவப்பேட்டை மருமகள்
எங்கள் ஊர் கம்மவான்பேட்டை. வெளியூர்க்காரர்கள் ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுவார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளம். எங்கள் தெருவில் இசிஎச்எஸ் கார்டு பற்றிக் கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். பத்துப் பேரும் ஆண்கள்.

மாமனார் மூன்று வருடம் முன்பு தவறிவிட்டார். கார்டு, டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் ஆணை), எல்லாம் ஒரு மஞ்சள் பையில், பீரோவுக்கு மேலே. அதை அவர் தவிர யாரும் தொட்டதில்லை. குடும்பப் பென்ஷன் போட்டு வந்துவிட்டது. மாமியாரின் கார்டு அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். போன வருடம் இடுப்பு எலும்பு முறிந்து தூக்கிக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது, கணவர் இறந்த பிறகு மனைவி தன் பெயரில் முதன்மை உறுப்பினராக மாற்றிப் புதுக் கார்டு வாங்க வேண்டும் என்று. சரி, வாங்கலாம் என்றால் அடுத்த சிக்கல். ராணுவப் பதிவேட்டில் அவர் பெயர் முனியம்மா, ஆதாரில் முனியம்மாள். ஒரு "ள்". அதற்காக நான் எத்தனை தடவை அலைந்தேன் என்று எண்ணவில்லை. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு கிளார்க் பொறுமையாக உட்கார வைத்து எழுதிக் கொடுத்தார். ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குப் போய்த் திரும்ப ஏழு மாதம்.

அந்த ஏழு மாதமும் அவருக்கு நடந்த வைத்தியம் எங்கள் காசு. இப்போது கார்டு கையில் இருக்கிறது. "முப்பது வருஷம் காஷ்மீர்லயும் அசாம்லயும் அவர் இருந்தாரு, இங்க ஒத்தையா இருந்தது நானு. என் பேர எழுதுறப்போ ஒரு எழுத்து சரியா எழுத மாட்டானுங்களா?" என்று மாமியார் கேட்டார். நான் என்ன பதில் சொல்ல?

ஓய்வு சுபேதார்
அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்துபோய் என் பிபிஓவை எடுத்துப் பார்த்தேன். என் மனைவி பெயரில் இனிஷியல் தப்பு. 22 வருடமாக இந்தத் திட்டத்தில் இருக்கிறேன், ஊருக்கெல்லாம் விதி சொல்கிறேன்.

சரி, ஆயுஷ்மான் கேள்வி. 2024 அக்டோபர் 29 முதல் 70 வயது ஆனவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் அந்தக் கார்டு கொடுக்கிறார்கள். வருடத்துக்கு 5 லட்சம் வரை. ஆனால் இசிஎச்எஸ்-ல் இருப்பவர் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முகாமில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது எல்லா நேரமும் தெரிவதில்லை, ஆதாரைக் கொடுங்கள் தாத்தா என்று கைரேகை வாங்கிவிடுவார்கள். ஆயுஷ்மான் கார்டு படுக்கையில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கு. மாதா மாதம் வாங்கும் சர்க்கரை, பிபி மாத்திரைக்கு அல்ல. இசிஎச்எஸ்-ல் வெளிநோயாளி வைத்தியமும் மருந்தும் உண்டு, செலவுக்கு உச்ச வரம்பு கிடையாது. டயாலிசிஸ், கேன்சர் என்று வந்தால் அந்த வித்தியாசம் புரியும். உங்கள் அப்பா 1996-க்கு முன்னால் வெளியே வந்தவர், அவர் இதற்குச் சந்தா கூடக் கட்டியிருக்க வேண்டியதில்லை. இப்போது வெளியே வரும் ஹவில்தார் 30,000, ஜேசிஓ 67,000, ஆபீசர் 1,20,000 கட்டுகிறார்கள். என் கருத்து: விடாதீர்கள்.

ஆவடி முருகையன்
என் கருத்து கொஞ்சம் வேறு. பாலிகிளினிக் போகவே முடியாத தூரத்தில், துணைக்கு ஆள் இல்லாமல் இருக்கும் கிழவருக்கு, பக்கத்து டவுனில் எடுத்துக்கொள்ளும் கார்டு நல்லதுதானே? உச்ச வரம்பு இல்லை என்பது போய்ச் சேர முடிந்தவனுக்குத்தான்.

ஓய்வு சுபேதார்
அப்படி ஒருவர் தனியாக இருந்தால் நானும் யோசிப்பேன். இவர் வீட்டில் மகன் இருக்கிறார்.

புதுப் பட்டாளம்
என் தம்பி அக்னிவீர், முதல் பேட்ச். 4 வருடம் முடிந்து வெளியே வந்தால் அவனுக்கும் இந்தக் கார்டு உண்டா?

தாம்பரம் ஏர்மேன்
இல்லை தம்பி. நிரந்தரமாக எடுக்கப்படும் 25 சதவீதத்துக்குள் வந்து முழுச் சர்வீஸ் முடித்தால் உண்டு. 4 வருடத்தில் வருபவருக்குப் பென்ஷன், இசிஎச்எஸ், முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்து, மூன்றும் கிடையாது. வரும்போது கிடைக்கும் சேவா நிதியில் ஒரு பகுதியை மருத்துவக் காப்பீட்டுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். இதைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், இங்கே பேச்சு திசை மாறிவிடும்.

கண்ணமங்கலத்தான்
மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

ஆரணி இசிஜி தாள் கிடைத்தது. காரின் டேஷ்போர்டில் சுருண்டு கிடந்தது, எழுத்து மங்கத் தொடங்கியிருந்தது. நேரம் 3.08 என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. உடனே ஜெராக்ஸ் எடுத்தேன். அவசரச் சான்றுக்கு அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நிற்க வைத்தார்கள், மூன்றாம் நாள் கொடுத்தார்கள். மனுவை சுபேதார் ஐயா சொன்ன மாதிரி உள்ளபடி எழுதினேன்.

பாலிகிளினிக்குக்கு அப்பாவையும் கூட்டிப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் "எந்த யூனிட்?" என்றார். இவர் சொன்னார். அவ்வளவுதான், இரண்டு பேரும் 1980-களின் ஏதோ ஒரு பனிமலைக்குப் போய்விட்டார்கள். டோக்கன் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. ஓஐசி மனுவைப் படித்துவிட்டு மேலே அனுப்புகிறேன் என்றார், முழுதாக வராது என்றும் சொல்லிவிட்டார். கொழுப்பு மாத்திரை அன்று இருந்தது. மருந்துக் கவுண்டரில் அப்பா முப்பதையும் எண்ணிப் பார்த்துத்தான் பைக்குள் போட்டார்.

கார்டு மாற்றவில்லை. இருதயத்துக்குப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி எது, போன் நம்பர் என்ன, பாலிகிளினிக் நம்பர் என்ன என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அம்மாவுக்குப் படிக்க வரும்.

ஒரு புதுக் கேள்வி. மருமகள் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பார்த்தேன். அம்மா பெயர் அதில் ராஜேஸ்வரி, ஆதாரில் ராஜேஷ்வரி, ரேஷன் கார்டில் ஈஸ்வரி. எங்கிருந்து தொடங்குவது?

ராணுவப்பேட்டை மருமகள்
எது ராணுவப் பதிவேட்டில் இருக்கிறதோ அதற்குத் தகுந்த மாதிரி ஆதாரை மாற்றுங்கள் தம்பி, அது சீக்கிரம் ஆகும். ரெக்கார்ட்ஸ் ஆபீசை மாற்ற வைப்பது ஏழு மாதம். பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், நான் அதைப் பார்க்காமல் இரண்டாவது தடவை அலைந்தேன். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடம் வரும், அவரையும் கூடக் கூட்டிப் போங்கள்.

கண்ணமங்கலத்தான்
திங்கட்கிழமை போகிறோம்.